நாய் வாலை எந்தப் பக்கம் ஆட்டுது? அதை வைச்சு கடிக்குமா, கடிக்காதான்னு சொல்ல முடியுமா?

இரவு ஷிஃப்ட் முடிஞ்சு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் பஸ் பிடித்து, அத்திபெலேயில் இறங்கி ரூமுக்கு நடப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. டோல்கேட் தாண்டி உள்ளே திரும்பினால் தெருவிளக்கு குறைந்துவிடும். மூடிய டீக்கடை வாசலில் நாலைந்து நாய்கள் படுத்திருக்கும். அதில் ஒன்று எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே நம்மைப் பார்க்கும். கூட வருகிற நண்பர், "வாலை ஆட்டுதுடா, ஒண்ணும் பண்ணாது, வா" என்பார்.

வாலை ஆட்டினால் பாசம் என்பது நாம் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பாடம். இப்போது அதற்கு ஒரு புது வெர்ஷன் ரீல்ஸில் சுற்றுகிறது: "வலது பக்கம் ஆட்டினா நட்பு, இடது பக்கம் ஆட்டினா ஆபத்து." இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு சொன்னது ஒன்று, ரீல்ஸ் சொல்வது வேறு. இரவு 11 மணிக்குத் தெருவில் நிற்கும் ஆளுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

மூளையின் இரண்டு பாதி, இரண்டு வேலை

மனித மூளையின் இடது பாதியில் ஒரு குறிப்பிட்ட இடம் சேதமானால் பேச்சு போய்விடுகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோக்கா 1861-ல் காட்டினார். மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல், இது மனிதனுக்கு மட்டுமே உள்ள சிறப்பு என்று பலரும் நம்பினார்கள். மொழி, வலக்கைப் பழக்கம் எல்லாம் நமக்குத்தானே இருக்கிறது என்ற பெருமை.

1970-களில் அது உடைந்தது. பாடும் பறவைகளில் பாட்டைக் கட்டுப்படுத்துவதில் இடது பக்கத்துக்குக் கூடுதல் பங்கு இருப்பதை ஃபெர்னாண்டோ நோட்டபாம் கண்டார். கோழிக்குஞ்சுகளின் மூளையிலும் இரு பக்கமும் வேறு வேறு வேலை செய்வதை ஆஸ்திரேலியாவின் லெஸ்லி ரோஜர்ஸ் காட்டினார். தேரை, மீன் என்று பட்டியல் நீண்டது. இன்று முதுகெலும்புள்ள விலங்குகளில் பொதுவாகக் காணும் ஒரு போக்கு இப்படி: பழகியது, 'கிட்டப் போகலாம்' என்று தோன்றுவது ஆகியவற்றை இடது பாதி அதிகம் கவனிக்கிறது. புதுசு, பயம், 'விலகு, ஓடு' என்கிற அவசரம் எல்லாம் வலது பாதியின் பொறுப்பு. ஆபீஸில் ஒருவர் வழக்கமான வேலையைப் பார்க்க, இன்னொருவர் எமர்ஜென்சி டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

இன்னொரு விஷயமும் சேர்த்து நினைவில் வையுங்கள். உடலின் வலது பக்கத் தசைகளைப் பெரும்பாலும் இடது மூளை இயக்குகிறது, இடது பக்கத்தை வலது மூளை. வால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இத்தாலியில் ஒரு மரப்பெட்டி, 30 நாய்கள்

2007-ல் இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்செலோ குவாரான்டா, மார்செல்லோ சினிஸ்கால்கி, ட்ரியஸ்டே பல்கலைக்கழகத்தின் ஜார்ஜியோ வலோர்டிகாரா ஆகிய மூவரும் 'கரன்ட் பயாலஜி' இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டில் வளரும் 30 நாய்களை ஒவ்வொன்றாக ஒரு பெட்டிக்குள் விட்டு, முன்னால் உள்ள திறப்பு வழியாக நால்வரைக் காட்டினார்கள்: வளர்ப்பவர், முன்பின் தெரியாத மனிதர், ஒரு பூனை, பழக்கமில்லாத ஆதிக்கக் குணமுள்ள ஒரு பெரிய நாய். மேலிருந்து கேமரா வாலைப் பதிவு செய்தது.

வளர்ப்பவரைப் பார்த்ததும் வால் இரண்டு பக்கமும்தான் ஆடியது, ஆனால் வலது பக்கம் கூடுதல் தூரம் போய் வந்தது. தெரியாத மனிதரைப் பார்த்தபோதும் அப்படியே, கொஞ்சம் குறைவாக. பூனைக்கு ஆட்டம் ரொம்பவே சின்னது, ஆனாலும் வலப்பக்கச் சாய்வுதான். அந்தப் பெரிய நாயைக் கண்டதும் சாய்வு இடது பக்கம் மாறியது. யாருமே இல்லாமல் தனியாக விடப்பட்டபோதும் இடது பக்கம்தான்.

கவனியுங்கள், 'வலது பக்கம் மட்டும் ஆட்டியது' என்று எங்கேயும் இல்லை. வால் இரு பக்கமும் ஆடுகிறது. எந்தப் பக்கம் சற்று அதிகம் போகிறது என்பதை வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கோணம் அளந்து, பல தடவை எடுத்த பதிவுகளின் சராசரி போட்டுக் கண்டுபிடித்தார்கள். வெறும் கண்ணுக்கு, அதுவும் இருட்டில், அதுவும் பயத்தில் நிற்கிறவருக்கு, அது தெரிய வாய்ப்பே இல்லை.

நம்ம ஊர்த் தெருநாய்கள் பலவற்றுக்கு வால் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழியே வைத்திருக்கிறோம். சுருண்ட வாலில் கோணம் அளப்பது அதைவிடக் கஷ்டம்.

யாருடைய வலது?

ரீல்ஸ் பார்த்துவிட்டு வெளியே போகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. ஆய்வில் 'வலது' என்பது நாயின் வலது. நாய் உங்களைப் பார்த்து நின்றால் அதன் வலது பக்கம் உங்களுக்கு இடது பக்கம். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் முழு விதியும் தலைகீழ்.

சிரிக்க வேண்டாம். இதே இட-வலக் குழப்பம் பெரிய ஆய்வுக்கூடத்துக்கே நடந்திருக்கிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் 13 நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து, மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேன் மெஷினுக்குள் அசையாமல் படுக்க வைத்தார்கள். பாராட்டுச் சொற்களையும் அர்த்தமில்லாத சொற்களையும் வெவ்வேறு தொனியில் கேட்க வைத்து மூளையைப் பார்த்தார்கள். மனிதர்களைப் போலவே நாய்களும் சொல்லின் பொருளை இடது பாதியில் கையாளுகின்றன என்று 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது, உலகம் முழுக்கச் செய்தியானது. அடுத்த ஆண்டே திருத்தம் வந்தது. ஸ்கேன் படங்களில் இடமும் வலமும் மாறியிருந்தன. அதாவது சாய்வு வலது பாதியில். முதல் செய்தி போன தூரத்துக்குத் திருத்தம் போகவில்லை. இன்றும் பல இடங்களில் பழைய முடிவைத்தான் பார்க்கலாம்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு திருத்தத்துக்குப் பிறகும் நிற்கிறது. நல்ல சொல், நல்ல தொனி இரண்டும் சேர்ந்து வந்தபோதுதான் நாயின் மூளையில் சந்தோஷத்தோடு தொடர்புடைய பகுதி நன்றாக வேலை செய்தது. எரிச்சலான குரலில் "குட் பாய்" சொன்னால் நாயை ஏமாற்ற முடியாது.

மற்ற நாய்களுக்காவது இது புரியுமா?

2013-ல் அதே இத்தாலியக் குழு 43 நாய்களுக்கு, வால் ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடும் நாய்களின் வீடியோவைக் காட்டியது. இடப்பக்கச் சாய்வைப் பார்த்த நாய்களுக்கு இதயத் துடிப்பு கூடியது, பதற்றத்தின் அறிகுறிகளும் அதிகம். வலப்பக்கச் சாய்வைப் பார்த்தவை நிதானமாக இருந்தன.

இதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் கனடாவில் வேறொரு குழு, வாலாட்டும் ரோபோ நாய் ஒன்றைச் செய்து பொது இடத்தில் வைத்து, 452 நாய்கள் அதை எப்படி அணுகுகின்றன என்று பார்த்திருந்தது. அங்கே ரோபோ இடது பக்கம் ஆட்டியபோதுதான் அதிக நாய்கள் தயங்காமல் நேராகக் கிட்டப் போயின. முடிவு எதிர்த் திசை. பொம்மை நாய்க்கு உண்மையான நாயின் மற்ற அசைவுகள் இல்லாததால் இருக்கலாம் என்று விளக்கம் சொல்லலாம். என் கணக்கில் இந்த முரண்பாடு தரும் பாடம் வேறு. நாய்களே வாலை மட்டும் தனியாக வாசிப்பதில்லை என்றால் நாம் ஏன் வாசிக்க வேண்டும்?

மூக்கு, காது, கண்: அங்கேயும் ஓர் ஓரவஞ்சனை

வாலை விடச் சுவாரஸ்யமானது மூக்கு. கை கால் மாதிரி இல்லாமல், வாசனை நரம்புகள் மூளைக்குள் குறுக்கே கடப்பதில்லை. வலது மூக்குத் துளையின் செய்தி வலது மூளைக்கே போகிறது. 2011-ல் வந்த ஆய்வில், சாப்பாடு மாதிரியான புது வாசனையை நாய்கள் முதலில் வலது துளையால் மோந்தன. அது ஆபத்தில்லை என்று பழகியதும் இடது துளைக்கு மாறின. அட்ரினலின் வாசனைக்கும் கால்நடை மருத்துவரின் வியர்வை வாசனைக்கும் மட்டும் கடைசிவரை வலது துளையை விடவே இல்லை. நாயை ஊசிக்குக் கூட்டிப்போனவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

காதிலும் அப்படித்தான். இடிச் சத்தம் வந்தால் தலையை இடது பக்கம் திருப்பும் போக்கு, இன்னொரு நாயின் வழக்கமான குரைப்பு என்றால் வலது பக்கம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாயின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாம்பின் நிழலுருவத்தைக் காட்டினால் இடது பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2009-ல் கண்டது இன்னும் விசித்திரம்: மனித முகத்தைப் பார்க்கும்போது நாயின் பார்வை முதலில் தனக்கு இடது பக்கமாகப் போகிறது. நாமும் மற்றவர் முகத்தை அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் இன்னொரு நாயின் முகத்தைப் பார்க்கும்போது நாய்க்கு இந்தச் சாய்வு இல்லை.

எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். புதுசும் பயமும் சேர்ந்தால் வலது மூளை முன்னுக்கு வருகிறது. பழகப் பழக அது பின்வாங்குகிறது.

உங்கள் நாய் இடதுகாலா, வலதுகாலா?

மனிதர்களில் பத்தில் ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். நாய்கள் அப்படி ஒரே பக்கம் சாய்வதில்லை. 2021-ல் லிங்கன் பல்கலைக்கழகம் 17,901 நாய்களை அவற்றின் வீட்டுக்காரர்களை வைத்தே சோதித்தது. 74 சதவீத நாய்களுக்கு ஏதோ ஒரு முன்னங்கால் மீது தெளிவான விருப்பம் இருந்தது. அவற்றில் 58.3 சதவீதம் வலதுகால். பெண் நாய்களில் வலதுகால் விருப்பம் கூடுதல்.

வீட்டில் பார்க்க ஆசைப்பட்டால் 'ஷேக் ஹேண்ட்' கேட்காதீர்கள். அது நீங்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். உள்ளே சாப்பாடு ஒட்டிய ஒரு பொம்மையைக் கொடுத்து, நக்கும்போது எந்தக் காலால் அமுக்கிப் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ஐம்பது தடவையாவது எண்ணினால்தான் ஏதாவது சொல்ல முடியும். நாலு தடவை பார்த்து முடிவு செய்வது டாஸ் போடுவதற்குச் சமம்.

இந்தக் கால் விவகாரத்தில் அத்திபெலேக்காரர்களைத் தொடும் ஒரு முடிவு உண்டு. 2006-ல் என். ஜே. பிரான்சன், லெஸ்லி ரோஜர்ஸ் இருவரும் நாய்களுக்கு இடி, பட்டாசுச் சத்தங்களைப் போட்டுக் காட்டினார்கள். அதிகம் பதறியவை இடதுகால் நாய்களோ வலதுகால் நாய்களோ அல்ல, எந்தக் கால் மீதும் தெளிவான விருப்பம் இல்லாதவை. இரு பாதிகளின் வேலைப் பங்கீடு தெளிவாக இல்லாத மூளைக்குச் சத்தத்தைச் சமாளிப்பது கஷ்டமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

எல்லையோரப் பட்டாசுக் கடைகளுக்குப் பேர்போன ஊர் இது. 2023 அக்டோபரில் அங்கே நடந்த தீ விபத்தில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் பலர் இறந்ததை மறக்க முடியாது. கடை, கூட்டம், விற்பனை பற்றி எவ்வளவோ பேசுகிறோம். தீபாவளி வாரத்தில் நாய்களுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பேசுவதில்லை. வழக்கமாக வாலாட்டி வரும் தெருநாய் அந்த வாரம் கார் அடியில் ஒடுங்கிக் கிடந்தால் அதைத் தொடப் போகாதீர்கள். பயந்த நாய்க்கு ஓட வழி இல்லை என்றால் மிச்சமிருப்பது பல் மட்டும்தான்.

சரி, அந்த டீக்கடை நாய்?

2022-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு வேலை இங்கே உதவும். பீகிள் நாய்களை ஒரே புதிய மனிதரோடு மூன்று நாள் பழகவிட்டு, கேமரா வைத்து வாலின் ஒவ்வோர் ஆட்டத்தையும் கம்ப்யூட்டரால் அளந்தார்கள். முதல் நாள் இடப்பக்கம் சாய்ந்த ஆட்டம், நாட்கள் போகப் போக வலப்பக்கம் நகர்ந்தது. ஒவ்வொரு நாய்க்கும் கையெழுத்து மாதிரி தனக்கென ஓர் ஆட்டும் பாணியும் இருந்தது. ஆக, வாலின் சாய்வு 'இந்த நாய் நல்லது, அந்த நாய் கெட்டது' என்பதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில், அந்த மனிதரோடு, அந்த நாய்க்கு உள்ள பழக்கத்தைத்தான் காட்டுகிறது.

நம் நாட்டுத் தெருநாய்களைப் பற்றி இதே திசையில் பேசும் ஆய்வு கொல்கத்தாவிலிருந்து வந்தது. அங்குள்ள ஐஸர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் பல ஆண்டுகளாகத் தெருநாய்களைத் தெருவிலேயே வைத்து ஆராய்கிறார்கள். 2017-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்தபோது, சாப்பாடு கொடுத்தவரை விடத் தடவிக் கொடுத்தவர் மீது நாய்கள் அதிக நம்பிக்கை வைத்தன. மனிதன் கை நீட்டிக் காட்டும் திசையை, எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்களும் புரிந்துகொள்கின்றன என்று 2020-ல் காட்டினார்கள். அவை நம்மை நாள்தோறும் கவனித்துக்கொண்டேதான் இருக்கின்றன. (இதைப் படித்துவிட்டு நாளைக்கே தெரியாத நாயைத் தடவப் போக வேண்டாம். ஆய்வாளர்கள் எப்படி அணுக வேண்டும் என்று தெரிந்து போனவர்கள்.)

பழக்கம் என்ற இந்தச் சொல்லுக்கு இப்போது சட்ட முக்கியத்துவமும் வந்துவிட்டது. டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி, ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. பெங்களூரு மாநகராட்சியின் 2023 கணக்கெடுப்பில் மட்டும் 2.79 லட்சம் தெருநாய்கள். அத்திபெலே அந்த எல்லைக்கே வெளியே இருக்கிறது. எந்தப் பக்கம் நீங்கள் வாதாடினாலும் ஒன்றை மட்டும் இந்த மூளை ஆய்வுகள் ஆதரிக்கின்றன: தெரிந்த இடத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் இருக்கும் நாயும், தெரியாத இடத்தில் கொண்டுவந்து விடப்பட்ட நாயும் ஒரே மனநிலையில் இருக்காது.

இரவு 11 மணிக்கு என்ன பார்ப்பது?

வால் ஆடும் பக்கத்தை மறந்துவிடுங்கள். வால் இருக்கும் உயரமும் உடம்பின் இறுக்கமும் கண்ணுக்குத் தெரியும். இடுப்போடு சேர்ந்து உடம்பே நெளிய, வால் தளர்வாகப் பரந்து ஆடினால் பெரும்பாலும் நட்பு. உடம்பு விறைத்து, வால் மேலே நின்று, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் அது எச்சரிக்கை. வால் கால்களுக்கு இடையில், காது பின்னால், உதட்டை நக்கியபடி முகத்தைத் திருப்புகிறது என்றால் பயம். அந்த நாய்க்கு வழி விடுங்கள்.

ஓடாதீர்கள். கண்ணுக்குள் முறைத்துப் பார்க்காதீர்கள். கையில் பை இருந்தால் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் கூட்டுவதால்தான் துரத்தல் நீள்கிறது. வேகத்தைக் குறைத்தால் பல நேரம் அதுவே நின்றுவிடும். தினமும் அதே தெருதான் என்றால் பகலில் நாலு நாள் அந்தப் பக்கம் நிதானமாக நடந்து போங்கள். உங்கள் வாசனை பழகட்டும்.

கடித்துவிட்டாலோ, பல் கீறினாலோ, வளர்ப்பு நாயா தெருநாயா என்ற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவையா என்று நீங்களே கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசிக்கு முதல் நாள், பிறகு 3, 7, 28-வது நாள் என்று நாலு தவணை. ஓசூரில் தொடங்கியவர், ஆனேக்கல்லில் தொடர வேண்டியிருந்தால், சீட்டைக் கையோடு எடுத்துப் போனால் போதும். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் சுமார் 36 சதவீதம் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாலாவது ஊசி வரும்போது காயம் ஆறியிருக்கும், லீவு கிடைக்காது, மறந்தும் போகும். 28-வது நாளுக்கு இப்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.